புள்ளி நின்றுவிட்டால்

கன்னையனைச் சுற்றி மூன்றாவது வட்டம் போய்க்கொண்டிருந்தார் சிவராஜ். டீக்கடை வாசலில் கையில் டம்ளரோடு நின்ற கன்னையன், பேச்சு அறுந்துவிடக் கூடாதே என்று அவர் போகிற பக்கமெல்லாம் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க மாஸ்டர், நம்மளையே சுத்திச் சுத்தி வர்றீங்க. ஏதாச்சும் வேண்டுதலுங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க. நின்னா ஊட்ல பயந்துக்குவாங்க. நீங்க சொல்லுங்க, மருமகளுக்குப் பிரசவம் என்னிக்குன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க?"

பெருமாநல்லூரில் காலையில் ஓடுகிறவர்கள் எத்தனையோ பேர். காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு, எதிரே வருவது பெற்ற அப்பனே ஆனாலும் தெரியாத மாதிரி ஓடிவிடுவார்கள். சிவராஜுக்கு அது கைவராது. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், ஐம்பதை ஒட்டிய வயது. தெரிந்த முகம் எதிரில் வந்து, நின்று நாலு வார்த்தை விசாரிக்காமல் போய்விட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. காதுகுத்து, கல்யாணம், போர்வெல்லில் தண்ணீர் வந்த கதை, வராத கதை எல்லாவற்றையும் கேட்டாக வேண்டும். அந்த நல்ல குணம்தான் வீட்டில் வினையாகிவிட்டது.

போன வருஷம் கட்டிங் டேபிள் மேலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்ததே பெரிய காரியம். நன்றாகத் தேறிய பிறகு, மெல்ல ஓடலாம், ஆனால் வேகம் கட்டுக்குள் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் மனிதர் அன்று மாலையே ஷூ வாங்கிவிட்டார். அவர் மனைவி அனிதாவுக்குத் தூக்கம் போனது. "ஓடறதுன்னா ஓடுங்க. ஆனா நீங்க எங்க இருக்கறீங்கன்னு எனக்கு ஊட்ல இருந்தே தெரியோணும்" என்றாள். அதற்குமேல் பேச்சில்லை.

ஆகவே ஆப் தேடும் படலம் தொடங்கியது. "சாம்பிள் பாக்காம எதையும் பல்க் போட மாட்டனுங்க" என்று கம்பெனிப் பேச்சையே சொல்லிக்கொண்டு போனில் ஒவ்வொன்றாக இறக்கினார். முதல் ஆப், கம்பெனியில் அவர் டேபிளைச் சுற்றி நடந்ததையெல்லாம் ஓட்டத்தில் சேர்த்துவிட்டு சாயங்காலம் வாழ்த்து அனுப்பியது. "ஓடாத ஓட்டத்துக்கு என்னுங்க வாழ்த்து? ரிஜெக்ட்." இன்னொன்றில் ஒரு பெண்குரல் அவ்வப்போது இங்கிலீஷில் வேகத்தைச் சொன்னது. அது சொல்லும்போதெல்லாம் சிவராஜ் "சரிங்க", "ஆகட்டுங்க" என்று பதில் மரியாதை செய்துகொண்டே ஓடினார். ரோட்டில் பார்த்தவர்கள் மாஸ்டருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அடுத்தது நல்ல ஆப். தூரம், வேகம், ஓடிய பாதை எல்லாவற்றையும் சுத்தமாகக் காட்டும், ஆனால் ஓடி முடித்த பிறகுதான் காட்டும்.

"எல்லாம் முடிஞ்சப்புறம் தெரிஞ்சு நான் என்னங்க பண்றது?" என்றாள் அனிதா. அவர் அந்த ஆப்பை அப்போதே அழித்துவிட்டார்.

கடைசியில் ஒன்று தேறியது. அவர் ஓட ஓட, அனிதாவின் போனில் ஒரு நீலப் புள்ளி ரோட்டோடு நகரும். பக்கத்திலேயே வேகமும் தெரியும். மிக்சிமேல் போனைச் சாய்த்து வைத்து, ஒரு கண்ணால் புருஷனையும் ஒரு கண்ணால் தோசைக்கல்லையும் அவள் பார்த்துக்கொள்ளலாம். ஒரே ஒரு சங்கடம், அவர் நின்றால் புள்ளியும் நிற்கும்.

முதல் நாளே நின்றது. அனிதா அடுப்பை அணைத்தாள். நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் பறந்து வந்தாள். பால் சொசைட்டி வாசலில் யாரோ ஒருவருடைய மாட்டுக்குச் சினை பிடிக்காத கவலையைக் கேட்டுக்கொண்டிருந்தார் சிவராஜ். அவரை மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டு ஸ்கூட்டியைத் திருப்பினாள்.

மறுநாள் நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டு பேசிப் பார்த்தார். புள்ளி அசையவில்லை, ஸ்கூட்டி வந்தது. பேச்சை விடவும் மனமில்லை, பெண்டாட்டியைப் பயமுறுத்தவும் மனமில்லை. அப்படிப் பிறந்ததுதான் இந்தச் சுற்று. போனில் பார்த்தால் அவர் ஓடிய பாதையில் அங்கங்கே முடிச்சு விழுந்திருக்கும். "இன்னிக்கு யார் யாரைச் சுத்துனீங்க?" என்று தோசையை வைத்துக்கொண்டே கேட்பாள் அனிதா. இப்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்புகூட வருகிறது.

ஒரே ஒருநாள்தான் அவர் சுற்றவில்லை. அடுத்த தெரு லிங்கசாமி தன் வீட்டு கேட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய அண்ணன் இறந்து ஒரு வாரம் இருக்கும். துக்கத்தில் இருக்கிறவரைச் சுற்றி வர முடியுமா? சிவராஜ் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நல்லாத்தானுங்க இருந்தாரு" என்றார் லிங்கசாமி. "உங்க வயசுதானுங்க. நெஞ்சு கரிக்குதுன்னு சோடா கேட்டாரு. நான் வாங்கிட்டு வர்றதுக்குள்ள..."

நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்த அன்றைக்குக் கன்னத்தில் இடித்த கட்டிங் டேபிளின் விளிம்பு சிவராஜுக்கு ஞாபகத்துக்கு வந்தது. பயமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் கண் விழித்த நாளில்கூட இவ்வளவு பயம் இருந்ததில்லை. போன், புள்ளி எல்லாம் மறந்து, லிங்கசாமியின் முழங்கையைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார்.

ஸ்கூட்டி வந்து நின்றது. கோபமாக இறங்கிய அனிதா, லிங்கசாமியின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். சத்தமில்லாமல் வந்து புருஷனின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அவளுக்கு மூச்சு இரைப்பது அவருக்குக் கேட்டது.

"அழுவோணும்னா அழுதுருங்க லிங்கசாமி. நான் இங்கயேதான் இருக்கறனுங்க" என்றார் சிவராஜ். முகத்தைத் திருப்பாமலே ஒரு கையைப் பின்னால் நீட்டி அனிதாவின் கையைத் தேடிப் பிடித்தார். மெல்ல இழுத்து, வியர்வையில் நனைந்த தன் பனியனின் இடப்பக்கத்தில் வைத்து அழுத்திக்கொண்டார்.