வெற்றிலைக்காக நின்ற கடலூர் பஸ்

இன்று காலை கடலூர் போகும் தனியார் பஸ்ஸில் ஏறினேன். ஊரைத் தாண்டுவதற்குள் ரயில்வே கேட் மூடிவிட்டது.

கைப்பேசியில் தனியார் ரயில் பற்றி ஒரு கட்டுரை படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டுத் துணிக்கடை பாய் எட்டிப் பார்த்தார்.

"சீட்டுக்கே சாப்பாடு வருமாம் பாய். லேட்டானா நஷ்டஈடும் தருவாங்களாம்" என்றேன்.

பாய் கண்டக்டரிடம் திரும்பினார். "கேட்டியாப்பா? அது இங்க வந்தா உன் பொழப்பு என்னாவறது?"

"வரட்டும் பாய். நல்லா ஓட்டுனா சனங்க ஏறத்தான் செய்வாங்க. ஆனா அந்த மொதலாளி பாவம். ரயிலு அவருது, தண்டவாளம் கவர்மெண்ட்டுது. முன்னாடி கூட்ஸ் போனா ஓவர்டேக் எடுக்க முடியுமா?"

கடலூர் ரோட்டில் இவர்கள் ஓவர்டேக் எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பரிதாபம் புரியும்.

கேட் திறந்தது. எங்கள் பஸ் மட்டும் நகரவில்லை. தினமும் வரும் மீன்கார அக்கா, கூடையை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வெற்றிலை வாங்க இறங்கியிருந்தார். கண்டக்டர் விசிலை ஊதாமல் வாயிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார். பின்னால் நின்ற போட்டி பஸ் எங்களைத் தாண்டிப் போனது.

"போச்சு. அடுத்த ஸ்டாப் ஆளெல்லாம் அவனுக்குத்தான்" என்றார் பாய்.

"போவட்டும் பாய். அக்கா நாளைக்கும் நம்ம வண்டிக்குத்தான வரும்."

அக்கா நிதானமாக வந்து ஏறினார். அப்புறம்தான் விசில்.

தனியார் ரயில் வந்தால் முதல் ஆளாக ஏறுவேன். சாப்பாடு, நஷ்டஈடு எல்லாம் சரி. வெற்றிலை வாங்கப் போனவருக்காக நிற்குமா என்று மட்டும் யாராவது விசாரித்துச் சொல்லுங்கள்.