தேங்காய் நுழையாத கம்பி

மாமாவை நான் சந்தேகிக்க ஆரம்பித்தது ஒரு தேங்காயால்தான். பாயா ரும்புட் என்ற ஊரில் அம்மாவும் நானும் மாமா அத்தையோடு ஒரே வீட்டில் இருந்த காலம். எனக்கு எட்டு வயது. வீட்டில் பிள்ளை என்று இருந்தது நான் ஒருத்திதான். சமையலறையில் உரித்து வைத்த தேங்காய் காணாமல் போனதும் அம்மா நேராக என்னைத்தான் முறைத்தார். கடைசியில் அது மாடியிலுள்ள பலகைத் தளத்தில், மாமாவின் கையில் இருந்தது.

பல்பு மாற்றக்கூட ஆள் கூப்பிடுகிறவர் அவர். அப்படிப்பட்டவர் திடீரென்று தளத்தைச் சுற்றியிருந்த மரத் தடுப்பைப் பிடுங்கிவிட்டு, டிரில்லும் ஸ்பேனருமாக அந்த இடத்தில் எஃகுக் கேபிள் கம்பி கட்ட உட்கார்ந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? கைப்பேசியில் வீடியோ பார்ப்பார், தூணில் துளை போடுவார், இடம் தப்பிவிட்டது என்று தலையில் அடித்துக்கொள்வார். ஒவ்வொரு கம்பியையும் இழுத்துக் கட்டி, முனையிலிருக்கும் திருகை இறுக்கி, இரண்டு கம்பிக்கு நடுவே தேங்காயை வைத்துத் தள்ளுவார். அது நுழைந்துவிட்டால் எல்லாவற்றையும் அவிழ்த்து நெருக்கிக் கட்டுவார்.

“தேங்கா போகலன்னா யாரும் போக முடியாது லா,” என்றார்.

யார் போகப் போகிறார்கள் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, பூனை என்றார். எங்கள் வீட்டில் பூனையே கிடையாது.

எனக்குப் புரிந்துவிட்டது. பழைய மரச்சட்டங்களுக்கு நடுவே புகுந்துதான் பக்கத்து வீட்டு மரத்து ரம்புத்தான் பழத்தை எட்டிப் பறிப்பேன். அந்த வழியைத்தான் அடைக்கிறார். வீடு முழுக்க இதற்கு உடந்தை என்றும் தோன்றியது. அத்தை மாடிப்படி ஏறுவதையே விட்டுவிட்டார். நான் போனால் பெரியவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பக்கத்து வீட்டு அக்கா ஆசையாகக் கொண்டுவந்த பொட்டலத்தை, இப்போது வேண்டாம், அப்புறம் வாங்கிக்கொள்கிறோம் என்று அம்மா வாசலிலேயே திருப்பிக் கொடுத்தார்.

விடுவேனா? ஒரு மத்தியானம் மாமாவின் ஸ்பேனரை எடுத்து அடிக்கம்பியின் திருகைத் தளர்த்தினேன். கம்பி தொய்ந்தது. தலையை நுழைத்தபோது மாமா வந்து நின்றார். அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. என்னை மெல்ல இழுத்து உட்காரவைத்துவிட்டு, வெளிறிப்போன முகத்தோடு திருகை இறுக்கினார்.

பிள்ளை பிறக்கும் முன்னால் அதற்கென்று ஒரு துணிகூட வாங்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அத்தை வயிற்றிலிருந்த பிள்ளைக்குத் தொட்டில் வாங்க முடியாத மனுஷன் கம்பி கட்டினார். அதைப் பிள்ளைச் சாமான் என்று யாரும் தடுக்க முடியாதே. எனக்கு இது தெரியவர வெகுகாலம் ஆனது.

சில வாரம் கழித்து அத்தையை மருத்துவமனையில் சேர்த்தார்கள். நாலு நாளில் அத்தையும் மாமாவும் திரும்பி வந்தார்கள், போனபடியே இரண்டு பேராக. ஒன்றும் கேட்கக் கூடாது என்று அம்மா என்னை எச்சரித்திருந்தார். அத்தை அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். மாமா நேரே மாடிக்குப் போனார். பின்னாலேயே போய்ப் பார்த்தேன். அடிக்கம்பியின் திருகை, ஏற்கெனவே இறுகியிருந்ததை, மறுபடி முறுக்கிக்கொண்டிருந்தார்.

“நான் தொடல மாமா. சத்தியமா.”

“நீ இல்லம்மா,” என்றார், திரும்பாமல். கை மட்டும் நிற்கவில்லை.

அவர் வாயாலேயே சொல்லிவிட்டார், நான் இல்லை என்று. தப்பித்தேன் என்ற சந்தோஷத்தில் இரண்டிரண்டு படியாகத் தாவிக் கீழே ஓடினேன்.