மார்கிரட் தோண்டிய குழாய்க்கிணறு

லிந்துலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற மார்கிரட்டுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. வெயில் காலத்தில் மலை ஊற்றிலிருந்து பீலி வழியே வரும் தண்ணீர் நூலாகிப் போனதும், லயத்து வரிசை வீடுகளில் இருந்த குடும்பங்களைக் கூட்டிக் குழாய்க்கிணறு தோண்டப் பங்குப் பணம் சேர்த்தது அவள்தான்.

இயந்திரம் கொண்டுவந்த டினேஷ் ஒளிவுமறைவில்லாமல் சொன்னான்: "அக்கா, கீழ முழுக்கக் கருங்கல்லுங்க. அதுல வெடிப்பு இருந்தா தண்ணி வரும். அது எங்க இருக்குன்னு தோண்டாம யாராலயும் சொல்ல முடியாதுங்க."

முதல் துளையில் வெள்ளைத் தூசிதான் பறந்தது. இரண்டாவதிலும் வெகுநேரம் அதே கதை. பக்கத்து வீட்டு இராமையாவுக்குப் பொறுக்கவில்லை.

"நான் அப்பவே சொன்னேன்ல, தங்கச்சி? எங்க பணமெல்லாம் தூசியாப் போச்சு!"

மார்கிரட் முகத்தில் படிந்த தூசியைத் துடைத்தாள். "தண்ணி இருக்கா இல்லையான்னு எனக்கும் தெரியாதுண்ணே. எல்லாரும் சொன்னா நிறுத்திடுவோம்," என்றாள்.

சுற்றி நின்றவர்கள் இராமையாவின் பக்கம் திரும்பினார்கள். கடைசியில் இராமையாவே முனகினார்: "பாதியில விட்டா, இன்னுங் கொஞ்சம் தோண்டியிருக்கலாமோன்னு சாகுற வரைக்கும் தூக்கம் வராது. தோண்டச் சொல்லு!"

சற்று நேரத்தில் இயந்திரத்தின் சத்தம் மாறியது. தூசி சேறாகி வழிந்தது. பிறகு தண்ணீர் பீறிட்டு லயத்துக் கூரைக்கு மேலே எழும்பியது. "மாதாவே!" என்று மார்கிரட் அலற, "முருகா!" என்று இராமையா துள்ள, பெண்கள் வாளிகளோடு ஓடி வந்தார்கள்.

சாயங்காலத்துக்குள் தண்ணீர் தெளிந்தது. அன்று லயமே தலைக்குக் குளித்தது.