படிவத்தில் இல்லாத கேள்வி

க்ளெனிஸ் ப்ராபர்ட் கோபக்காரி. எரிவாயு நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் ஊரார் திட்டையெல்லாம் காதில் வாங்கியவள். ஸ்வான்சியில் அந்த அலுவலகத்தை மூடியதும், ஐம்பத்தெட்டு வயதில், ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்காகத் தொலைபேசியில் கேள்வி கேட்கும் வேலைக்கு வந்தாள். அவளுக்கு அடுத்த நாற்காலி என்னுடையது.

ஆய்வு இன்செல்களைப் பற்றியது. தங்களுக்குத் துணை கிடைக்கவே கிடைக்காது, அதற்குப் பெண்கள்தான் காரணம் என்று இணையத்தில் கூடிப் பொருமும் ஆண்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பெயர் அது. அவர்கள் மனம் எப்படி இருக்கிறது, பெண்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று எண்பது கேள்விகள். படிவத்தில் உள்ளதை உள்ளபடியே படிக்க வேண்டும். எதிர்த்துப் பேசக் கூடாது, இரக்கமும் காட்டக் கூடாது. பதில் சொல்பவருக்குப் பெயர் கிடையாது, எண்தான்.

க்ளெனிஸின் மகள் நெஸ்டா உடற்பயிற்சிக் கூடத்தில் வேலை பார்த்தவள். ஒருவன் ஏழு மாதம் அவளுக்கு ஆபாசமாகச் செய்தி அனுப்பினான், வீட்டு வாசல்வரை வந்து நின்றான். கடைசியில் வேலையை விட்டது அவள்தான்.

"இவனுங்க மனசு எப்படி இருக்குன்னு நான் உக்காந்து விசாரிக்கணுமாம்," என்றாள் க்ளெனிஸ் முதல் நாளே.

"பின்ன ஏன் வந்தே?"

"இந்த வயசுல வேற எவன் என்னை எடுப்பான்?"

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. எண் நூற்றுப் பன்னிரண்டு. பத்து அழைப்புக்கு ஒன்றை இன்னொருவர் கூடவே கேட்டுச் சரிபார்க்க வேண்டும். அன்று என் முறை. மறுமுனையில் இளம் குரல், இருபத்தைந்து வயதுக்குமேல் இருக்காது.

"பெண்கள் ஆண்களைப் பயன்படுத்திக்கொள்ளவே பழகுகிறார்கள். இதை எவ்வளவு ஒத்துக்கறீங்க? ஒண்ணுலேருந்து அஞ்சுக்குள்ள சொல்லுங்க."

"அஞ்சு. ஆறு இருந்தா ஆறு."

"அஞ்சு வரைக்கும்தான் இருக்கு."

"உன் குரலைக் கேட்டா கிழவி மாதிரி இருக்கே. வயசுல நீயும் நல்ல உயரமானவனாப் பாத்துத்தானே போயிருப்பே?"

க்ளெனிஸின் கணவர் அவள் தோள் உயரம்தான் இருப்பார். அவள் அதைச் சொல்லவில்லை. அடுத்த கேள்வியைப் படித்தாள்.

"பள்ளியில் உங்களைத் துன்புறுத்தினார்களா?"

"தினமும். பதினொரு பேர். பேர் சொல்லட்டுமா?"

"பேர் வேண்டாம். கடந்த இரண்டு வாரத்தில், செத்துப்போனால் தேவலை என்று எத்தனை நாள் நினைத்தீர்கள்?"

"எல்லா நாளும்."

இந்தப் பதில் வந்தால் உதவி மையத்தின் எண்ணைப் படித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போக வேண்டும் என்பது விதி. அவள் படிக்க ஆரம்பித்ததும் அவனும் கூடவே எண்களைச் சொன்னான்.

"மனப்பாடமா?" படிவத்தைவிட்டு அவள் விலகியது அப்போதுதான்.

"மூணு தடவை கூப்பிட்டேன். மூணு தடவையும் பொம்பளை எடுத்தா. வெச்சுட்டேன்."

"சாகப் போறப்பவும் பொம்பளைன்னா ஆகாதா? நாப்பது நிமிஷமா யார்கிட்டடா பேசிட்டிருக்கே?"

"டாக்டர்கிட்ட போனேன். ஆம்பளை டாக்டர். நான் இன்செல், சாகணும் போல இருக்குன்னு சொன்னேன். மறுவாரம் போலீஸ் ரெண்டு பேர் வந்து, அம்மா முன்னாடி கம்ப்யூட்டரைத் தூக்கிட்டுப் போனாங்க. யாரையாவது கொல்லப் போறியான்னு கேட்டாங்க. நான் செத்துடுவேனான்னு ஒருத்தனும் கேக்கல."

க்ளெனிஸ் அவனைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, ஆய்வை நடத்தும் இட்ரிஸின் அறைக்குப் போனாள். நானும் பின்னால் ஓடினேன்.

"அவன் பேரும் விலாசமும் வேணும்."

"சாகறதுக்குத் திட்டம் வெச்சிருக்கான்னு தெரிஞ்சாத்தான் பேர், விலாசம் இருக்கற கோப்பைத் திறக்கலாம், க்ளெனிஸ். அந்தக் கேள்வி நம்ம படிவத்துல இல்ல. நீங்களாக் கேட்டா பேட்டியே செல்லாது."

"எம்பது கேள்வி எழுதினீங்க. தாடை எப்படி இருந்தா பொண்ணுங்களுக்குப் பிடிக்கும்னு கேக்கத் தோணிச்சு. இது தோணலையா?"

இட்ரிஸ் கெட்டவர் இல்லை. மேஜையிலிருந்த படிவத்தை எடுத்து மறுபடி புரட்டினார்.

"செல்லாமலே போகட்டும்," என்று திரும்பி வந்து அவள் தொலைபேசியை எடுத்தாள். "இருக்கியா? எப்படி, எப்பன்னு முடிவு பண்ணிட்டியா?"

அவன் சொன்னான். கிழமையைக்கூடச் சொன்னான்.

"உன் விலாசத்தை எடுக்கச் சொல்லப் போறேன். போலீஸ் இல்ல, நர்ஸ் வருவாங்க. பொம்பளையா இருந்தாலும் கதவைத் திற."

"நீயும் அவனுங்க மாதிரித்தான்டி," என்றவன், நான் இங்கே எழுத முடியாத ஒரு வார்த்தையைச் சொல்லி வைத்துவிட்டான்.

அன்று மாலையே நர்ஸ் போனார். கதவைத் திறந்தது அவன் அம்மா என்பதுவரை எங்களுக்குத் தெரிவித்தார்கள். மூன்று வாரம் கழித்து அவனிடமிருந்து நான்கு பக்கப் புகார் வந்தது. ரகசியம் காப்பதாகச் சொல்லி ஏமாற்றினீர்கள், அந்தக் கிழவியை வேலையைவிட்டு அனுப்புங்கள் என்று எழுதியிருந்தான். இட்ரிஸ் தயங்கித் தயங்கி நீட்டினார். க்ளெனிஸ் ஒரு வரி விடாமல் படித்தாள்.

"எழுதறதுக்கு ஆள் உசிரோட இருக்கான்," என்று திருப்பிக் கொடுத்தாள்.

வேலை போகவில்லை. ஆனால் தொலைபேசியிலிருந்து எடுத்து, மற்றவர்கள் வாங்கிய பதில்களைக் கணினியில் ஏற்ற உட்கார வைத்தார்கள்.

"அவனை மன்னிச்சிட்டியா?" என்று ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன்.

"எதுக்கு மன்னிக்கணும்? அவன் பேசினது அத்தனையும் கேவலம். நெஸ்டா பக்கத்துல வந்தான்னா இப்பவும் செருப்பைக் கழட்டுவேன். அதுக்காக அவன் சாகணுமா? ரெண்டும் எனக்கு ஒரே மண்டைக்குள்ளதான் இருக்கு. உங்களுக்கெல்லாம் ஏன் ஒண்ணுதான் கொள்ளுது?"

இலையுதிர் காலத்தில் அறிக்கை வெளிவந்தது. சாவை நினைப்பவர்கள் எத்தனை பேர், அவர்கள் எங்கே உதவி கேட்டார்கள், என்ன நடந்தது என்று இட்ரிஸ் பதினாறு பக்கம் எழுதியிருந்தார். பத்திரிகைகள் வெறுப்பைப் பற்றிய ஒரே அட்டவணையை மட்டும் எடுத்துப் பெரிய எழுத்தில் போட்டன. நூற்றுப் பன்னிரண்டாம் எண் அந்தப் பதினாறு பக்கத்திலும் இல்லை, அட்டவணையிலும் இல்லை. அவன் பேட்டி செல்லாது.

அந்தப் பதினாறு பக்கம் கண்ணில் படவில்லையா என்று கேட்டு க்ளெனிஸ் ஒரு பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதினாள். அவர் அதை வெளியிடவில்லை. இன்னொன்று எழுதினாள். மூன்றாவதை எழுதியபோது, கொஞ்சம் மரியாதையாக எழுதேன் என்று நான் சொல்லிப் பார்த்தேன். முதல் வரியை அடித்துவிட்டு, முன்னிலும் மோசமான ஒன்றை எழுதி அனுப்பினாள்.