விட்டத்தில் கயிற்றுத் தழும்பு

அந்த விட்டத்தில் யாரோ தூக்குப் போட்டுக்கொண்டார்கள் என்று முழுதாக நம்பினேன். அதற்குச் சாட்சி, மரத்தின் ஓரத்தில் விரல் பதிகிற அளவுக்கு இருந்த கயிற்றுத் தழும்பு.

இடிக்கிற வீடுகளின் மரத்தை வாங்கி, கண்ணாடிச் சட்டம், சாவி மாட்டி, சுவர்த் தட்டு என்று செய்து ஏற்காட்டு விடுதிகளுக்குக் கொடுப்பது என் பிழைப்பு. ஆணி ஓட்டை, கறை, தேய்மானம் எதையும் மறைக்க மாட்டேன். தங்க வருகிறவர்களுக்கு அதுதான் பிடிக்கிறது. நாகலூரில் வாங்கிய இந்த விட்டத்தைச் சுவர்த் தட்டுக்காக அறுத்தபோதும் தழும்பை விட்டுவைத்தே இழைத்தேன். ஆனால் இந்தத் தட்டு விற்பனைக்கில்லை. தலைப்பிரசவத்துக்கு வரப்போகும் மகளின் கட்டிலுக்கு மேலே மாட்டினேன்.

தள்ளி நின்று அழகு பார்த்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது. பிள்ளை கண் திறந்ததும் பார்க்கப்போவது இதையா? வெளியே மூடுபனி, எனக்கு மட்டும் சித்திரை வெயில். திருகாணிகளைக் கழற்றத் தொடங்கினேன்.

"ஏனுங்க, இப்பத்தான மாட்டுனீங்க?" என்றாள் மனைவி.

காரணத்தைச் சொன்னேன். அவள் தழும்பில் விரலை ஓட்டிப் பார்த்தாள்.

"ஒருக்கா தொங்குனா மரம் இப்படித் தேயுமா? நூறு தடவயாச்சும் தொங்கியிருக்கோணும்."

"நூறு பேரா?"

"ஆமா, ஊரே வரிசையில நின்னுச்சு. போயி, வித்தவங்களையே கேட்டுட்டு வாங்க."

பஸ்ஸில் போகும்போதெல்லாம் கேள்வியை ஒத்திகை பார்த்தேன். மரத்தை விற்ற அம்மா புது வீட்டின் முன்னால் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் ஒத்திகை எல்லாம் போய்விட்டது.

"ஏனுங்கம்மா, அந்த விட்டத்துல... கயிறு ஏதாச்சும்..."

"நாந்தான் கட்டுனேன் கண்ணு. எங்கூட்டுக்காரருக்கு."

மிளகின் மேலேயே உட்காரப் பார்த்தேன்.

"பாத்து, பாத்து, மொளகு!" என்று என் கையைப் பிடித்து நிறுத்தியவர், குனிந்து மிளகைப் பரப்பிக்கொண்டே சொன்னார். "இது பறிக்கத்தான் மரமேறி உழுந்துட்டாரு. இடுப்புக்குக் கீழ வெளங்கல. நான் எஸ்டேட்டுக்குப் போயிட்டா தூக்கி உக்கார வெக்க ஆரு இருக்கறா? அதான் கட்டிலுக்கு மேல கயிறு. அதப் புடிச்சு எந்திரிச்சுக்குவாரு. நொம்ப வைராக்கியம். ஒருத்தரையும் கூப்புட மாட்டாரு."

"அதுல எம்மவளுக்குத் தட்டு செஞ்சிருக்கறனுங்க."

"செய்யி சாமி. பலா மரம். தாங்கும்."

சாயங்காலம் தட்டைத் திரும்ப மாட்டினேன். என்ன சொன்னார்கள் என்று மனைவி கேட்டாள். வழக்கம்போல வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. கேட்டதைக் கேட்டபடி சொன்னேன். அந்த மனிதர் வருடக்கணக்கில் கயிற்றைப் பிடித்து எழுந்து உட்கார்ந்து, தன் கையால் சாப்பிட்டார். ஒரு மழைக்காலத்தில் மார்ச்சளி கண்டு அந்தக் கட்டிலிலேயே இறந்தார்.