கேமராவுக்கு இடது பக்கம்

காலை பதினொரு மணிக்கு அங்கே நடுராத்திரி. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே, பழைய கம்பளக் கிடங்கின் ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்து, ஊதா விளக்கையும் சிவப்பு விளக்கையும் சுழலவிட்டு, புகை மெஷினைத் தட்டிவிட்டால் முடிந்தது, நைட் கிளப் தயார். நாலு நண்பர்கள் ராத்திரி ராத்திரியாக ஊர் சுற்றுகிற கதை. தொடருக்கு ‘இன்னும் நேரமிருக்கு’ என்று பெயர். இளவட்டங்கள் சோறு தண்ணி மறந்து போனில் பார்க்கிறார்கள். அந்த ராத்திரி அத்தனையும் பட்டப்பகலில் எடுத்தது என்று சொன்னால் அடிக்க வருவார்கள்.

அதைவிட நம்ப முடியாத சங்கதி ஒன்று உண்டு. நாலு பேரும் பேச வாயைத் திறந்ததும் பாட்டை நிறுத்திவிடுவார்கள். பாட்டு ஓடினால் பேச்சு எப்படிப் பதிவாகும்? ஆனால் பின்னால் நிற்கிற கூட்டம் ஆட்டத்தை நிறுத்தக் கூடாது. குண்டூசி விழுந்தால் கேட்கிற அமைதியில் நாற்பது பேர் குதிக்க வேண்டும். அதற்காகச் செருப்புக்கு அடியில் பஞ்சு ஒட்டியிருக்கும். வாய் விட்டுச் சிரிக்கிற மாதிரி காட்டலாம், குரல் வரக் கூடாது. கை தட்டலாம், உள்ளங்கை இரண்டும் தொட்டுக்கொள்ளக் கூடாது. முதல்நாள் வேலைக்கு வருகிறவர்கள் இதைப் பார்த்தால், இதென்னடா பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்றுதான் நினைப்பார்கள்.

அந்த நாற்பது பேருக்கும் தலைவி ஸ்பிரிங்கக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு; அதைக் கூப்பிட இப்போது ஆளில்லை. வயது நாற்பத்து மூன்று. நிற்கச் சொன்னால் நிற்பாள், ஆனால் குதிகால் மட்டும் தரையில் படாது. பேசும்போதும் லேசாகத் துள்ளிக்கொண்டே இருப்பாள். அவளோடு பஸ்ஸில் நின்றுகொண்டு போனால் பஸ்தான் குலுங்குகிறதா, இவள் குலுங்குகிறாளா என்று சந்தேகம் வந்துவிடும்.

அவள் முன்பு பெண்கள் ஜிம் ஒன்றில் பயிற்சியாளராக இருந்தவள். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, எதிரே இருபது முப்பது பெண்கள், முன்னால் இவள். கட்டடத்தை இடித்து பார்க்கிங் ஆக்கியதும் அந்த வேலை போயிற்று. வீட்டில் உட்கார்ந்து மோட்டுவளையைப் பார்க்கிற ஜென்மமா அவள்? ஷூட்டிங்குக்கு ஆள் பிடித்துத் தருகிற ஏஜெண்டிடம் போய் நின்றாள். “அம்மா, இது இளவட்டங்க தொடர்” என்று அவர் இழுத்தார். “அண்ணே, ஒரு நாள் பாருங்க. பிடிக்கலைன்னா பஸ் காசு கூடக் கேக்க மாட்டேன்” என்றாள். அந்த ஒரு நாளிலேயே காரியம் முடிந்தது.

ஏனென்றால் அன்றைக்குப் பாட்டு நின்றதும் கூட்டம் ஆளுக்கொரு தாளத்தில் ஆடத் தொடங்கியது. பாட்டில்லாமல் ஆடிப் பாருங்கள், தெரியும். ஒருவன் மேலே போகும்போது பக்கத்திலிருப்பவன் கீழே வருவான். இவளுக்குப் பொறுக்குமா? ஜிம்மில் செய்தது போலவே எல்லார் கண்ணிலும் படுகிற இடமாகப் பார்த்து நகர்ந்து நின்று, இடது தோளை வெட்டி வெட்டித் தாளம் கொடுத்தாள். மூச்சு விடவில்லை, தோள் மட்டும்தான் பேசியது. நாற்பது பேரும் அந்தத் தோளைப் பிடித்துக்கொண்டு ஒன்றாகக் குதித்தார்கள். அன்றிலிருந்து அவள் இல்லாமல் கிளப் சீன் எடுப்பதில்லை.

இங்கேதான் சிக்கல். எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் நின்றால் கேமரா கண்ணிலும் படத்தானே செய்யும்?

பட்டாள். ஒவ்வொரு எபிசோடிலும் பட்டாள். அதில் அவளுக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. அது தன்னைத் தானே பார்த்துப் பூரிக்கிற சந்தோஷம் இல்லை. அவள் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் இன்ஜின் ஃபிட்டர். போனால் எட்டு மாதம், ஒன்பது மாதம். துறைமுகம் வந்து சிக்னல் கிடைத்ததும் முதல் வேலையாக எபிசோடை டவுன்லோடு செய்வார். பிறகு தேடுவார். தேடிக் கண்டுபிடித்து வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார். “இந்த வாரம் தூணுக்குப் பக்கத்துல. பச்சைச் சட்டை. அந்த நெட்டை தன் காதலிகிட்ட பொய் சொல்றானே, அவன் காதுக்குப் பின்னால. சரியா?” சரியாகத்தான் இருக்கும். எங்கே நின்றாள் என்று அவள் முன்கூட்டிச் சொல்லக் கூடாது. அது இருவருக்கும் எழுதாத சட்டம்.

பிள்ளை குட்டி இல்லை. யாராவது துருவினால், “எங்களுக்கு நாங்களே ரெண்டு பிள்ளைங்க, போதாதா?” என்று கேட்டு வாயை அடைத்துவிடுவாள். போனில் முகம் பார்த்துப் பேசாமலா இருக்கிறார்கள்? பேசுகிறார்கள். ஆனால் அதெல்லாம் குழாய் ஒழுகுகிறது, கேஸ் தீர்ந்துவிட்டது, உன் தம்பி போன் எடுக்க மாட்டேன் என்கிறான் என்கிற பேச்சு. அவர் ஒருமுறை வாய்விட்டே சொன்னார். “போன்ல நீ வீட்டு நிர்வாகி மாதிரி பேசுற. ஆடுறப்பதான் நீ நீயா இருக்க. அதைப் பார்த்தாத்தான் வீட்டுக்கு வந்துட்டுப் போன மாதிரி இருக்கு.” இத்தனைக்கும் அவருக்குத் தாளமே வராது. கூட்டத்தோடு கை தட்டினாலும் ஒரு தட்டு பின்தங்கித்தான் தட்டுவார்.

தொடரில் நாலு நண்பர்களும் ஊர் ஊராகப் போனார்கள். ஒரு வாரம் கடற்கரை ஊர்க் கிளப், மறுவாரம் மலையூர்க் கிளப். எல்லாம் அதே கம்பளக் கிடங்குதான். விளக்கின் நிறத்தை மாற்றினால் ஊர் மாறிவிடும். விளக்கு மாறியது, திரைச்சீலை மாறியது, ஸ்பிரிங்கக்கா மட்டும் மாறவில்லை. கடற்கரையிலும் துள்ளினாள், மலையிலும் துள்ளினாள். பார்க்கிறவர்களுக்குக் கண்ணில்லையா என்ன? ஒரு வம்புக்காரன் அவள் படங்களை மட்டும் வெட்டி ஒட்டி, ‘இந்த அக்காவுக்கு வீடு வாசலே கிடையாதா?’ என்று எழுதிப் போட்டுவிட்டான். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது.

பக்கத்து வீட்டிலேயே குடியிருக்கிற நாத்தனார் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். “அண்ணி, நீங்க ஃபேமஸ் ஆயிட்டீங்க! எங்க அண்ணனைக் கட்டிட்டு வந்தப்ப இவ்வளவு பெரிய ஆளா வருவீங்கன்னு தெரியாமப் போச்சே!”

“தெரிஞ்சிருந்தா என்னடி பண்ணியிருப்ப?”

“சண்டை போடாம இருந்திருப்பேன்.”

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

மறுநாள் கிடங்கில் யாரும் சிரிக்கவில்லை. டைரக்டர் இளம்பெண், சுற்றி வளைக்கத் தெரியாதவள், ஆனால் நல்லவள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஸ்பிரிங்கக்காவை உட்காரச் சொன்னாள். ஏஜெண்ட் சுவரோரம் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார்.

“அக்கா, நேராவே சொல்லிடறேன். இனி நீங்க ஃபிரேம்ல இருக்கக் கூடாது. கதை நடக்கும்போது எல்லாரும் உங்களைத்தான் தேடுறாங்க. நாலு பேர் அழுகிற சீன்ல கூட உங்களைப் பார்த்துச் சிரிக்கிறாங்க.”

“விக் வச்சுக்கறேன் மேடம். கண்ணாடி போட்டுக்கறேன்.”

“முகத்தை மறைக்கலாம். உங்க குதியை எப்படிக்கா மறைப்பீங்க?”

ஸ்பிரிங்கக்கா குனிந்து தன் காலைப் பார்த்தாள். உட்கார்ந்தபடியே குதிகால் ஆடிக்கொண்டிருந்தது.

“உங்களை அனுப்பறேன்னு சொல்லலையே,” என்றாள் டைரக்டர். “கேமராவுக்கு இந்தப் பக்கம் வாங்க. இங்கேயிருந்து தாளம் கொடுங்க. சம்பளம் ஜாஸ்தி. கடைசியில பேரும் போடறோம்.”

ஏஜெண்டுக்கு வாயெல்லாம் பல். “என்ன ஸ்பிரிங்கு, லாட்டரி அடிச்ச மாதிரி! யோசிக்கிறதுக்கு என்ன இருக்கு?”

யோசிக்க இருந்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டாள். அன்று மாலை வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று கொஞ்ச நேரம் ஆடிப் பார்த்தாள். அவளுக்கு வேலை வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. அந்தக் கூட்டத்தை ஆட்டிவைப்பது அவளுக்குச் சோற்றைவிட ருசி. ஆனால் திரையில் அவள் இல்லாவிட்டால், எங்கேயோ ஒரு துறைமுகத்தில் எண்ணெய்க் கையோடு உட்கார்ந்து தேடுகிற மனுஷனுக்கு என்ன மிச்சம்? வீட்டு நிர்வாகி மட்டும்தான் மிச்சம். சம்பளத்தையும் பெயரையும் வைத்துக்கொண்டு அதை எப்படி ஈடுகட்டுவது?

கூப்பிட்டுக் கேட்கலாம் என்றால் கப்பல் நடுக்கடலில். அப்புறம் அவளுக்கே கோபம் வந்தது. ‘என்னடி இது, அந்த ஆள் கட்டினது திரையையா உன்னையா?’ என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்டாள். முன்பு வேலை கேட்டு ஏஜெண்டிடம் போய் நின்ற அதே நிமிர்வோடு மறுநாள் கிடங்குக்குப் போனாள். “எங்க நிக்கணும் மேடம்?” என்றாள்.

கேமராவுக்கு இடது பக்கம், விளக்குச் சாமான் வைக்கிற மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றாள். பெட்டி சின்னது, ஒரு கால் பெட்டியில், மறுகால் பாதி அந்தரத்தில். பாட்டு நின்றது. தோள் வெட்டியது. கூட்டம் குதித்தது. தாளம் பிசகவே இல்லை.

ஆனால் இத்தனை நாள் தங்களுக்கு நடுவிலேயே இருந்தவளை இப்போது வெளியே தேட வேண்டியிருந்ததால், கூட்டத்தின் கண்களெல்லாம் அடிக்கடி அந்தப் பெட்டிப் பக்கமே போயின. கட் சொன்னதும் அவள் சத்தம் போட்டாள். “ஏன்டா என்னைப் பொண்ணு பார்க்க வந்த மாதிரி முறைக்கிறீங்க? ஓரக்கண்ணு போதும்!”

“என்னக்கா பண்றது, பழகிப்போச்சு” என்றான் ஒருத்தன்.

அடுத்த டேக்கில் தலைகள் திரும்பவில்லை. கண்கள் மட்டும் போய்ப் போய் வந்தன. டைரக்டர் மானிட்டரில் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். இன்னொரு தரம் எடுக்கச் சொல்லப் போகிறாள் என்று ஸ்பிரிங்கக்கா நினைத்தாள். “கதைப்படி கிளப் கதவு அந்தப் பக்கம்தான். யாரோ வரப் போறாங்கன்னு எல்லாரும் எதிர்பார்க்கிற மாதிரி இருக்கு. இருக்கட்டும், நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லி அடுத்த ஷாட்டுக்குப் போய்விட்டாள்.

எபிசோட் வந்த அன்று நாத்தனார் ஒரு முறை பார்த்தாள், நிறுத்தி நிறுத்தி இன்னொரு முறை பார்த்தாள். “அண்ணி, எங்க ஒளிஞ்சிருக்கீங்க? எனக்கே கண்டுபிடிக்க முடியலையே!”

“பாரு, பாரு.”

“பார்த்துட்டேன். கடைசியில பேருதான் வருது. ஆளைக் காணோம். அண்ணன் ஏமாந்து போகப் போறாரு.”

ஸ்பிரிங்கக்கா துணி மடிக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்த முறை மட்டும் சட்டத்தை மீறி, ‘என்னைத் தேடாதீங்க’ என்று முன்கூட்டியே ஒரு மெசேஜ் போட்டுவிடலாமா என்று பல தடவை போனைக் கையில் எடுத்தாள். எடுத்து எடுத்து வைத்தாள். எப்படி எழுதுவது அதை? போன் ஒவ்வொரு முறை சிணுங்கியபோதும் ஓடிப்போய்ப் பார்த்தாள். ஒரு முறை கேஸ்காரன், ஒரு முறை ஏஜெண்ட்.

கப்பல் கரை சேர்ந்த அன்று அவள் அடுப்படியில் இருந்தாள். வாய்ஸ் மெசேஜ் வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு ஒலியைக் கூட்டிவைத்தாள். நாத்தனாரும் வந்து நின்றாள். பின்னணியில் கப்பல்காரர்களின் கூச்சல். நடுவே அவர் குரல்.

“என்னடி விளையாட்டு இது? மூணு தரம் பார்த்தேன், உன்னைக் காணோம். இங்க எல்லாப் பசங்களும் தேடிட்டானுங்க. சமையல்காரன் பந்தயமே கட்டினான். பேரைப் பார்த்ததும் சந்தோஷம்தான், ஆனா பேரு ஆடுமா? சரி, உடம்புக்கு ஏதாவதான்னு பயந்துட்டேன்.” கூச்சல் மட்டும் கேட்டது. நாத்தனார் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

குரல் மறுபடி வந்தது. “அப்புறம் உன்னைத் தேடறதை விட்டுட்டு, அந்தப் பசங்க மூஞ்சிய பார்த்தேன். அத்தனை பேரும் ஒரே பக்கமா பார்க்கிறாங்க. பார்த்துப் பார்த்துக் குதிக்கிறாங்க. அங்க கதவு இருக்குன்னு சமையல்காரன் சொல்றான். கதவைப் பார்த்து எவன்டா தாளம் தப்பாம ஆடுவான்? நீ ஆடுறதைப் பார்க்கிறப்ப என் மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? கேமராவுக்கு இடது பக்கம் நிக்கிற நீ. எல்லாக் கண்ணும் கொஞ்சம் மேல போகுது, அதனால எது மேலயோ ஏறி நிக்கிற. பார்த்துட்டேன். நல்லா இருந்துச்சு. சரியா?”

“ஐயோ, எங்க அண்ணனா இது!” என்றாள் நாத்தனார். “கை தட்டவே தெரியாதே இந்த மனுஷனுக்கு!”

ஸ்பிரிங்கக்காவுக்குக் கண்ணீரும் சிரிப்பும் ஒன்றாக வந்து மூக்கு ஒழுகியது. பதில் சொல்ல போனை எடுத்தாள். சொல்ல எவ்வளவோ இருந்தது. குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.

“சரிங்க” என்றாள். “பெட்டி மேல. ஒரு காலு மட்டும் வெளிய தொங்குச்சு.”