பிந்தி வரும் வணக்கம்

‘நீங்கள் இருக்கும் பகுதியில் இந்த ஒளிபரப்பு கிடைக்காது.’ ஊரைவிட்டு வந்த யாருக்கும் இந்த வாசகம் புதிதல்ல. ஹைதராபாத் அமீர்பேட்டில் என் விடுதியறையில், ஜன்னலில் வெயில் மிச்சமிருந்த ஒரு மாலை, என் கைபேசி இதைச் சொன்னபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பகுதிதானே இடிக்கிறது? அதை மாற்றிவிட்டால் போச்சு.

மலேசியாவில், எங்கள் கிள்ளானில், அப்போது இருட்டி, இரவுச் செய்தி தொடங்கும் நேரம். செய்தி வாசிக்கும் பெண் ‘வணக்கம்’ சொன்னதும் அப்பா பதில் வணக்கம் சொல்வார். மரியாதை தெரியாத வீடு என்று அவள் நினைத்துவிடக் கூடாதாம். சின்ன வயதில் நானும் பக்கத்து நாற்காலியில் இருந்து சொல்வேன். யார் முந்துவது என்று போட்டி. நான் ஹைதராபாத்துக்கு வேலைக்கு வந்த பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. வீடியோவில் என்னைப் பார்த்தால் அழுவார், அவ்வளவுதான். ஆனால் செய்திக்கு மட்டும் அந்த ஒரு சொல் வருகிறது என்றாள் அக்கா. “சொல்லிட்டு உன் நாற்காலிய பாக்குறாரு தம்பி. நீயும் கூடச் சொன்னா, இன்னொரு வார்த்தை வருமான்னு பாப்போம்லா.”

போனில் கேட்கும் டிவி சத்தத்தை நம்பினால் பிந்திவிடும் என்று, நானே நேரடியாகப் பார்க்க முடிவு செய்தேன். இணைப்பை வேறு நாட்டு வழியாகச் சுற்றிவிடும் வி.பி.என். செயலிகளை ஒவ்வொன்றாக இறக்கினேன். எல்லாவற்றையும் அந்தச் சேனல் கண்டுபிடித்துத் தடுத்தது. அலுவலகத்தில் பக்கத்து இருக்கை ஜெஸ்ஸி, இந்த ஊர் அல்வால் பகுதியில் தலைமுறைகளாக இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண், வேடிக்கை பார்த்தாள். அவள் தமிழில் ஹைதராபாத் உருது கலந்திருக்கும்; ஏன் என்பதற்குக் ‘கைக்கு’, ஆமாம் என்பதற்கு ‘ஹவ்’.

“கைக்கு இந்தப் பாடு? நியூஸ்தானே, நாளைக்குப் பாத்துக்கோ.”

“நாளைக்கு நக்கோ.” வேண்டாம் என்பதற்கு அவளிடமே கற்ற சொல்.

“ஹவ், வாசிக்கிற பொண்ணு அழகா இருக்கும் போல.”

ஆமாம் என்றுவிட்டேன். விளக்கப் போயிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன்.

ஒருவழியாக ஒரு செயலி வேலை செய்தது. திரையில் கிள்ளான் கடை விளம்பரம் ஓடியது. அந்தச் சந்தோஷத்தில் செயலியை அணைக்காமல் டீ குடிக்க இறங்கினேன். கைபேசியில் பணம் போகவில்லை. “நெட் லேதா, பாபு?” என்றார் கடைக்காரர். நெட் இருந்தது, கைபேசிதான் மலேசியாவில் இருந்தது. அதை எந்தத் தெலுங்கில் சொல்வது?

நேற்று அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டு அப்பா பக்கத்தில் வைத்தாள். என் திரையில் விளம்பரமே முடியவில்லை, அதற்குள் போனில் குழறலாக, “வணக்கம்.” அப்புறம் ஒன்றுமில்லை. என் திரையில் அந்தப் பெண் வந்து, நானும் சொல்லி முடித்தபோது, “நாற்காலிய பாத்துட்டுத் திரும்பிட்டாரு தம்பி,” என்றாள் அக்கா.

வீட்டு டிஷ்ஷில் வருவதைவிட இணையத்தில் சற்றுப் பிந்தித்தான் வரும். இது எனக்குத் தெரியாததும் அல்ல, தடையைத் தாண்டும் மும்முரத்தில் மறந்துவிட்டேன். நாளை டிஷ்ஷை அணைத்துவிட்டு, வீட்டு டிவியிலும் அதே இணைய ஒளிபரப்பைப் போடச் சொல்லியிருக்கிறேன். அக்கா அதைச் செய்திக்கு முந்தைய விளம்பரத்திலேயே நிறுத்தி வைத்திருப்பாள். என் திரையும் அதே இடத்துக்கு வந்ததும் இரண்டையும் ஒன்றாக ஓடவிடுவோம். ஏற்கெனவே காத்துக்கொண்டிருப்பவரை இன்னும் கொஞ்சம் காக்க வைக்கப் போகிறோம்.